வேகம் கூடினால் டயர் எப்படிக் கூடுதலாகப் பிடிக்கிறது? பந்தயக் காரைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஃபார்முலா 1 பார்க்கத் தொடங்கிய யாருக்கும் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும்: "இந்தக் காரை மெதுவாக ஓட்டினால் வழுக்கும், வேகமாக ஓட்டினால்தான் தரையோடு ஒட்டும்." பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் நம்பி சிமுலேட்டரில் உட்காருபவர்கள் வேகமான வளைவில் நேராகச் சுவருக்குப் போகிறார்கள். வேகம் கூடினால் பிடிமானம் கூடும் என்பது சரி. அதனால் வேகமாகப் போவதே பாதுகாப்பு என்பது தவறு. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிமுலேட்டரில் ஓட்டுபவர்கள், கார்ட்டிங் முடித்து ஃபார்முலா 4 பக்கம் போக நினைப்பவர்கள், கல்லூரியில் ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் கட்டும் மாணவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு நகர்ந்தால் பாதிதான் நிற்கும், கணக்கைக் கையால் போட்டால் முழுதும் நிற்கும்.

படி 1: முதலில் டயர்

இன்ஜின், பிரேக், ஸ்டியரிங், விங் (காற்றைக் கொண்டு காரைக் கீழே அழுத்தும் இறக்கை) என்று காரில் எது என்ன செய்தாலும், அது தரைக்குப் போய்ச் சேருவது நான்கு டயர்கள் தரையைத் தொடும் அந்த நான்கு திட்டுகள் வழியாக மட்டும்தான். ஆகவே எந்தக் கேள்வியையும் அங்கிருந்து தொடங்குங்கள்.

டயர் தரக்கூடிய அதிகபட்சப் பிடிமானம் இரண்டு விஷயங்களின் பெருக்கல். ஒன்று, டயரைத் தரையோடு அழுத்தும் விசை. இன்னொன்று, உராய்வுக் கெழு. சாதாரண ரோட்டு டயருக்கு உலர்ந்த தார்ச்சாலையில் இந்தக் கெழு ஏறக்குறைய 1. சூடேறிய பந்தய ஸ்லிக் டயருக்கு (வரிப்பள்ளம் இல்லாத டயர்) 1.5, அதற்கு மேலும் போகும். பள்ளியில் கெழு எப்போதும் 1-க்குக் கீழே இருக்கும் என்று மனதில் பதிந்திருக்கலாம். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. சூடான மென்மையான ரப்பர் தார்க்கற்களின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கிப் பிதுங்குகிறது, கல்லின் மேற்பரப்போடு மூலக்கூறு அளவிலும் ஒட்டுகிறது.

பந்தயம் முடிந்து பிட்டுக்கு (அணிகள் காரைக் கவனிக்கும் இடம்) வந்த ஸ்லிக் டயரை ஒருமுறை குனிந்து பாருங்கள். டிவியில் வழவழப்பாகத் தெரிந்த மேற்பரப்பு, பக்கத்தில் போனால் சொரசொரப்பாக இருக்கும். ஓரங்களில் ரப்பர் அலை அலையாகக் கிழிந்து நிற்கும். தடத்தில் கிடந்த ரப்பர் துணுக்குகளும் பொடிக்கற்களும் மேலே அப்பியிருக்கும். சூடு இருக்கும்போது நகத்தால் அழுத்தினால் தடம் விழும். இந்த மென்மைக்காகத்தான் டயர் அவ்வளவு சீக்கிரம் தேய்கிறது.

புதியவர்கள் பலர் தவறவிடும் ஒன்று இங்கே இருக்கிறது. டயர் மீதான அழுத்தத்தை இரட்டித்தால் பிடிமானம் முழுதாக இரட்டிக்காது. கூடும், ஆனால் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அழுத்தம் ஏற ஏற உராய்வுக் கெழு மெல்ல இறங்குகிறது. பந்தயப் பொறியாளர்கள் இதை லோடு சென்சிடிவிட்டி என்பார்கள். இதை ஓரமாகக் குறித்து வையுங்கள், 4-வது படியில் இதுதான் கணக்கையே மாற்றும்.

படி 2: எடை வேறு, அழுத்தம் வேறு

அழுத்தினால் பிடிமானம் கூடும் என்றால், காரில் 500 கிலோ மூட்டையை ஏற்றிவிடலாமே? ஏற்றினால் டயர் மீது அழுத்தம் கூடும்தான். ஆனால் அந்த 500 கிலோவையும் சேர்த்துத்தான் வளைவில் திருப்ப வேண்டும், பிரேக்கில் நிறுத்த வேண்டும். வந்த பிடிமானம் அதற்கே செலவாகிவிடும். லோடு சென்சிடிவிட்டியால் கொஞ்சம் நஷ்டமும் சேரும்.

காற்று தரும் அழுத்தத்துக்கு நிறை கிடையாது. டயரை அழுத்துகிறது, ஆனால் வளைவில் திருப்ப வேண்டிய சுமையைக் கூட்டுவதில்லை. காற்று தரும் இந்த அழுத்தத்துக்குத்தான் டவுன்ஃபோர்ஸ் என்று பெயர், அதன் மொத்த மதிப்பும் இதில்தான் இருக்கிறது.

பந்தய உலகம் இதைக் கண்டுபிடித்த கதை 1960-களில் நடக்கிறது. அமெரிக்காவில் ஜிம் ஹால் 1966இல் சாப்பரல் 2இ காரின் பின்பக்கம் உயரமான தூண்களில் ஒரு விங்கை நிறுத்தினார். விமான இறக்கையைத் தலைகீழாகத் திருப்பிய வடிவம்: விமானத்தை மேலே தூக்குவது காரைக் கீழே அழுத்துகிறது. 1968இல் ஃபார்முலா 1 கார்களிலும் விங் முளைத்தது. அவசரமாக வளர்ந்த விஷயம் என்பதால் தூண்கள் மெலிந்தே இருந்தன. 1969இல் பார்சிலோனாவின் மோன்ட்யூயிக் தடத்தில் கிரஹாம் ஹில், யோக்கன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் விங் முறிந்து பெரிய விபத்துகள் நடந்தன. அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர விங்குகளைத் தடை செய்துவிட்டார்கள். தாழ்வான, உறுதியான விங்குகள் பிறகு வந்தன.

அடுத்த பாய்ச்சல் காரின் அடியில். லோட்டஸ் 78, 79 கார்கள் காரின் வயிற்றுப் பகுதியையே ஒரு பெரிய விங்காக மாற்றின. தரைக்கும் காருக்கும் நடுவே குறுகும் வழியில் காற்று வேகம் பிடிக்கிறது, அங்கே அழுத்தம் இறங்குகிறது, மேலே இருக்கும் காற்று காரைக் கீழே தள்ளுகிறது. மரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் சாம்பியன் ஆனது இந்தக் கார்களில்தான். அந்த வழி 1983இல் தட்டையான அடித்தள விதியால் அடைக்கப்பட்டு, 2022இல் மீண்டும் திறந்தது. திறந்த முதல் ஆண்டிலேயே நேர்ச்சாலைகளில் கார்கள் மேலும் கீழும் குதிப்பதை எல்லோரும் பார்த்தோம். தரையோடு மிக நெருங்கும்போது காற்றோட்டம் தடைபட்டு அழுத்தம் விட்டுப்போகும், கார் எழும்பும், எழும்பியதும் காற்று மீண்டும் பிடித்து இழுக்கும்.

படி 3: வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைக் கையால் உணருங்கள்

டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. இப்போது ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். எடை 800 கிலோ (2022 முதல் 2024 வரை ஃபார்முலா 1 விதிப்படி டிரைவரோடு சேர்த்து, எரிபொருள் இல்லாமல், குறைந்தபட்சம் 798 கிலோ). அதன் டவுன்ஃபோர்ஸுக்கு இந்தச் சூத்திரம்:

விசை (நியூட்டனில்) = 2.4 × வேகம் × வேகம் (வேகம் மீட்டர்/வினாடியில்)

2.4 என்பது காற்றின் அடர்த்தி, விங்குகளின் அளவு, அவற்றின் திறன் எல்லாம் சேர்ந்த எண். பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்டது, எந்த அணியின் ரகசியமும் அல்ல. ஆனால் உண்மையான ஃபார்முலா 1 காரின் தரத்திலிருந்து வெகுதூரம் விலகியதும் அல்ல. கி.மீ./மணியை 3.6 ஆல் வகுத்தால் மீட்டர்/வினாடி கிடைக்கும்.

100 கி.மீ. வேகத்தில் சுமார் 1,850 நியூட்டன், அதாவது 190 கிலோ எடை மேலே உட்கார்ந்ததற்குச் சமம். 200-ல் 7,400 நியூட்டன், 755 கிலோ. 300-ல் 16,700 நியூட்டன், 1,700 கிலோ. 205 கி.மீ. பக்கம் வரும்போதே காரின் எடையும் டவுன்ஃபோர்ஸும் சமமாகிவிடுகின்றன. கொள்கையளவில் அந்த வேகத்துக்கு மேல் சுரங்கப்பாதையின் கூரையில் தலைகீழாக ஓட்டலாம் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

விங்கின் விலை காற்றுத் தடை. அதுவும் வர்க்கமாகவே கூடும், அதை எதிர்த்துத் தள்ளத் தேவையான இன்ஜின் சக்தியோ மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். நீண்ட நேர்ச்சாலைகள் கொண்ட மோன்சா தடத்தில் விங்குகள் மெலிந்தும், மெதுவான வளைவுகள் நிறைந்த மொனாக்கோவில் கொழுத்தும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

படி 4: வளைவைக் கணக்குப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

வளைவில் கார் திரும்பத் தேவையான விசை = நிறை × வேகம் × வேகம் ÷ வளைவின் ஆரம். டயர் தரக்கூடிய விசை = கெழு × (எடை + டவுன்ஃபோர்ஸ்). இரண்டும் சமமாகும் வேகமே அந்த வளைவின் உச்ச வேகம். சமன்பாட்டைத் திருப்பி எழுதினால்:

வேகத்தின் வர்க்கம் = (கெழு × 9.81 × ஆரம்) ÷ (1 − கெழு × 2.4 × ஆரம் ÷ 800)

டவுன்ஃபோர்ஸ் இல்லாத காருக்குக் கீழே உள்ள பகுதி வெறும் 1. கெழு 1.6 என்று வைத்து மூன்று வளைவுகளைப் பார்ப்போம்.

20 மீட்டர் ஆரமுள்ள ஒரு ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு. டவுன்ஃபோர்ஸ் இல்லாமல் 64 கி.மீ., டவுன்ஃபோர்ஸோடு 67. அவ்வளவுதான் வித்தியாசம். பல கோடி ரூபாய் விங்கும் இங்கே 3 கி.மீ. மட்டுமே தருகிறது. மொனாக்கோ ஹேர்பினில் ஃபார்முலா 1 காரும் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது.

100 மீட்டர் ஆரம். டவுன்ஃபோர்ஸ் இல்லாமல் 143 கி.மீ., டவுன்ஃபோர்ஸோடு 198. 55 கி.மீ. கூடுதல்!

200 மீட்டர் ஆரம். டவுன்ஃபோர்ஸ் இல்லாமல் 202. டவுன்ஃபோர்ஸோடு கணக்குப் போட்டால் 1,008 கி.மீ. என்று வருகிறது. கால்குலேட்டரில் தப்பு இல்லை. சூத்திரத்தின் அடிப்பகுதி பூஜ்ஜியத்தை நெருங்கிவிட்டது, அதுதான் காரணம். தேவையும் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது, டவுன்ஃபோர்ஸும் வர்க்கமாகக் கூடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடினால் ஒன்றை ஒன்று பிடிக்கவே முடியாது. அங்கே எல்லையைத் தீர்மானிப்பது இன்ஜின்தான். சில்வர்ஸ்டோனின் காப்ஸ், சுசூகாவின் 130ஆர் போன்ற வளைவுகளை நல்ல கார்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கடப்பதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

இப்போது 1-வது படியில் குறித்துவைத்ததை எடுங்கள். அழுத்தம் கூடினால் கெழு இறங்கும். நம் காருக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: சொந்த எடை மட்டும் இருக்கும்போது கெழு 1.6, மொத்த அழுத்தம் எடையைப் போல் இரண்டு மடங்கானால் 1.4, மூன்று மடங்கானால் 1.2, இடையிலும் இதே சீரில் இறங்கும். இனி நேரடிச் சூத்திரம் உதவாது, ஊகித்துத் திருத்தும் முறைதான். 100 மீட்டர் வளைவுக்கு 198 கி.மீ. என்ற முதல் விடையை எடுங்கள். அந்த வேகத்தில் மொத்த அழுத்தம் எவ்வளவு, அதற்கான கெழு என்ன என்று பாருங்கள். அந்தக் கெழுவைச் சூத்திரத்தில் போட்டு மீண்டும் வேகம் காணுங்கள். நான்கைந்து தடவை சுற்றினால் எண் ஒரே இடத்தில் நிற்கும். எனக்கு வருவது 180 கி.மீ. முதல் கணக்கு 18 கி.மீ. அதிகமாகச் சொல்லியிருக்கிறது. அந்த 18 கி.மீ.தான் காகிதத்தில் அழகாகத் தெரியும் காருக்கும் தடத்தில் ஓடும் காருக்கும் உள்ள இடைவெளி.

மழையையும் இங்கேயே பார்த்துவிடலாம். முதல் சூத்திரத்தில் கெழுவை 1.0 ஆக இறக்குங்கள். 100 மீட்டர் வளைவில் 198 கி.மீ. போன கார் 135-க்கு வந்துவிடும். விங் இல்லாத கார் 143-லிருந்து 113-க்குத்தான் இறங்கும். டவுன்ஃபோர்ஸ் கார் மழையில் இரண்டு முறை இழக்கிறது: ரப்பரின் பிடி போனதால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்ததால் டவுன்ஃபோர்ஸும் போகிறது. தேய்ந்த டயரிலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது.

ஃபார்முலா ஸ்டூடன்ட் மாணவர்களுக்கு ஒரு சொல். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டிக்குப் போகும் கார் 40 கி.மீ. வேகத்தில் எட்டு வடிவத்தில் சுற்றுகிறதே, அங்கே விங் எதற்கு என்று கேட்பார்கள். 800 என்ற இடத்தில் உங்கள் காரின் எடையைப் போட்டுப் பாருங்கள். டிரைவரோடு 280 கிலோ, 2.4-க்குப் பதில் 1.8, ஆரம் சுமார் 9 மீட்டர், கெழு 1.5. வேகம் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடும். சூத்திரத்தில் டவுன்ஃபோர்ஸ் தனியாக வருவதில்லை, எடையால் வகுபட்டே வருகிறது. இலேசான காருக்குச் சின்ன விசையும் பெரிது.

படி 5: "வேகமாகப் போனால் பாதுகாப்பு" என்ற நம்பிக்கையைச் சோதியுங்கள்

அதே 200 மீட்டர் வளைவு, அதே இறங்கும் கெழு. இந்த முறை உச்ச வேகத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேகத்திலும் டயர் தரக்கூடியது எவ்வளவு, வளைவு கேட்பது எவ்வளவு என்று இரண்டு வரிசை எழுதுங்கள்.

200 கி.மீ.: தரக்கூடியது 21,500 நியூட்டன், கேட்பது 12,300. கையிருப்பு (கேட்பதற்கு மேல் மிஞ்சுவது) 74 சதவீதம்.

250 கி.மீ.: தரக்கூடியது 25,300, கேட்பது 19,300. கையிருப்பு 31 சதவீதம்.

300 கி.மீ.: தரக்கூடியது 28,800, கேட்பது 27,800. கையிருப்பு 4 சதவீதம்.

பிடிமானம் ஏறிக்கொண்டே போகிறது, கையிருப்பு கரைந்துகொண்டே போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. 300-ல் ஒரு சிறு மேடு, ஒரு குறுக்குக் காற்று, தடத்தில் கொஞ்சம் தூசி போதும், அந்த 4 சதவீதம் போய்விடும். அப்போது இன்னும் மிதித்தால் பிடிமானம் வந்துவிடும் என்று நினைப்பவரைக் காப்பாற்ற எந்த விங்கும் இல்லை.

அப்படியென்றால் மெதுவாக ஓட்டினால் வழுக்கும் என்று அனுபவமுள்ள டிரைவர்களே சொல்வது ஏன்? காரணம் காற்றில் இல்லை, சூட்டில் இருக்கிறது. ஃபார்முலா 1 ஸ்லிக் டயரின் ரப்பர் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேலை செய்யும்படி கலக்கப்பட்டது. அந்தச் சூடு இல்லாவிட்டால் ரப்பர் விறைப்பாகி, கற்களின் பள்ளங்களுக்குள் இறங்காது. கெழுவே விழுந்துவிடும். டயரைச் சூடாக்குவது எது? அழுத்தமும் வளைவும் பிரேக்கும், அதாவது வேகமான ஓட்டமே. தயங்கித் தயங்கி ஓட்டும் புதியவரின் டயர் ஆறுகிறது, ஆறிய டயர் 80 கி.மீ. வளைவிலும் வழுக்குகிறது. கார்பன் பிரேக்கும் அப்படியே, சூடில்லாமல் கடிக்காது.

இதனால் நடைமுறையில் செய்ய வேண்டியது தெளிவு. வளைவுகளில் நிதானமாக இருங்கள், ஆனால் நேர்ச்சாலையில் முழுதாக மிதித்து பிரேக்கை வலுவாகப் பிடியுங்கள். பாம்புபோல் வளைத்து ஓட்டுவது டயரின் மேல்தோலைத்தான் சுடவைக்கும். பிரேக்கின் வெப்பம் சக்கர வளையம் வழியாக டயரின் உட்பகுதிக்குப் போகும், அதுதான் நிலைக்கும். முதல் இரண்டு சுற்றுகளில் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 6: பிரேக்கைத் தொடக்கத்தில் அழுத்தி, பிறகு விடுங்கள்

ரோட்டு கார் ஓட்டிப் பழகியவர்களின் கால் பிரேக்கில் மெதுவாகத் தொடங்கி, கடைசியில் அழுத்தும். டவுன்ஃபோர்ஸ் காரில் இது நேர் தலைகீழ்.

நம் காரையே எடுங்கள். 300 கி.மீ.-ல் டயர்கள் மட்டும் தரக்கூடிய வேகக் குறைப்பு ஏறக்குறைய 3.7 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). காற்றுத் தடை அதற்கு மேல். 100 கி.மீ.-க்கு இறங்கும்போது டயரால் முடிந்தது 1.9 ஜி. பாதி. பிரேக்கைத் தொட்ட முதல் நொடியில் பிடிமானம் உச்சத்தில் இருக்கிறது, வேகம் இறங்க இறங்க அதுவும் இறங்குகிறது. கால் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் பாதி வழியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும், புகை வரும், டயரில் ஒரு தட்டையான இடம் விழும்.

மோன்சாவின் முதல் சிக்கேனுக்கு (வேகத்தைக் குறைக்க வைத்த இடம்-வலம் வளைவு) வரும் காரின் ஆன்போர்டு காணொளியில், அதாவது காரிலேயே பொருத்திய கேமராவின் படத்தில், பிரேக் அளவைக் காட்டும் பட்டையைக் கவனியுங்கள். சட்டென்று உச்சத்துக்கு ஏறும். பிறகு ஒரு சரிவுபோல் இறங்கிக்கொண்டே வந்து, ஸ்டியரிங் திரும்பும் நேரத்தில் கொஞ்சமே மிச்சமிருக்கும். அந்தச் சரிவின் வடிவத்தைக் காலுக்குப் பழக்குவதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். சுற்று நேரம் குறைவது முதலில் இங்கேதான்.

படி 7: முன்னா பின்னா, மெதுவிலா வேகத்திலா

டவுன்ஃபோர்ஸ் மொத்தமாக எவ்வளவு என்பதைவிட, முன் டயருக்கும் பின் டயருக்கும் அது எப்படிப் பிரிகிறது என்பதுதான் டிரைவரின் கைக்குத் தெரியும். முன்பக்கம் குறைந்தால் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும், அது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் குறைந்தால் வால் வெளியே வீசும், அது ஓவர்ஸ்டியர்.

குறை சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது மெதுவான வளைவிலா, வேகமான வளைவிலா, இரண்டிலுமா? மெதுவான வளைவில் விங்குக்கு வேலையே இல்லை என்பதை 20 மீட்டர் கணக்கில் பார்த்தோம். ஆகவே ஹேர்பினில் மட்டும் அண்டர்ஸ்டியர் என்றால் விங்கைத் தொடாதீர்கள். ஸ்பிரிங், ஆன்டி ரோல் பார் (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் தண்டு), டயர் காற்றழுத்தம், டிஃபரன்ஷியல் (இடது வலது சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரிக்கும் பகுதி) பக்கம் பாருங்கள். மெதுவில் நன்றாக இருந்து வேகத்தில் மட்டும் முன்பக்கம் விட்டுப்போனால், முன் விங்கை ஒரு படி ஏற்றுங்கள், அல்லது பின் விங்கை ஒரு படி இறக்குங்கள். இரண்டிலும் ஒரே குறை என்றால் சஸ்பென்ஷனில் தொடங்குங்கள்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். மாற்றிய பிறகு டயர் சூடேறி மூன்று நான்கு சுற்று ஓடிய பின் தீர்ப்பு சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்கிறது, முன் விங் தரையை நெருங்குகிறது, முன்பக்க டவுன்ஃபோர்ஸ் கூடுகிறது, பின்பக்கம் இலேசாகிறது. அதனால் வேகமான வளைவுக்குள் பிரேக்கோடு நுழையும்போது மட்டும் வால் ஆடினால், குற்றவாளி விங்கின் கோணம் அல்ல, மூக்கு தாழ்வதாக இருக்கலாம்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை: பின் விங்கை ஒரு படி அதிகமாகவே வையுங்கள். நேர்ச்சாலையில் கொஞ்சம் இழப்பீர்கள். ஆனால் வேகமான வளைவில் வால் வீசும் காரை நம்பி யாரும் கற்றுக்கொள்ள முடியாது. 250 கி.மீ.-ல் வீசிய வாலைப் பிடிக்க ஒரு கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடைக்காது. கார் பக்கவாட்டில் திரும்பியதும் காற்று விங்கில் நேராகப் படாமல் டவுன்ஃபோர்ஸும் சரிந்துவிடும்.

படி 8: காற்றைக் கவனியுங்கள்

விங்குக்குத் தெரிவது தரையின் மேல் காரின் வேகம் அல்ல, காற்றுக்கு எதிரான வேகம். 200 கி.மீ.-ல் போகும் நம் காருக்கு எதிர்க்காற்று 20 கி.மீ. வீசினால் டவுன்ஃபோர்ஸ் 8,960 நியூட்டன். அதே காற்று முதுகில் வீசினால் 6,000. வித்தியாசம் 300 கிலோ எடைக்குச் சமம், ஸ்பீடோமீட்டரில் எந்த மாற்றமும் இல்லாமல்! சில்வர்ஸ்டோன் பழைய விமானத் தளம், திறந்த வெளி. காலையில் எளிதாகப் போன வளைவு மாலையில் காற்றுத் திசை மாறியதும் வேறு வளைவாகிவிடும் என்று டிரைவர்கள் சொல்வது மிகையல்ல. சிமுலேட்டரில் காற்றை இயக்கிவிட்டுப் பயிற்சி செய்யுங்கள்.

உயரமும் கணக்கில் வரும். மெக்சிகோ நகரத் தடம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிது. மொனாக்கோவுக்குப் போடும் பெரிய விங்கைப் போட்டும், மோன்சா அளவுக்குத்தான் டவுன்ஃபோர்ஸ் கிடைக்கிறது.

முன்னால் போகும் காரும் உங்கள் காற்றைக் கெடுக்கும். 2022 விதிகள் வந்தபோது ஃபார்முலா 1 நிர்வாகம் வெளியிட்ட கணக்கின்படி, பழைய கார்கள் முன்கார் பின்னால் 20 மீட்டரில் 35 சதவீத டவுன்ஃபோர்ஸை இழந்தன, 10 மீட்டரில் 46 சதவீதம். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததுபோன்ற தெருத்தடங்களில், இருபுறமும் சுவர் இருக்கும் இடத்தில், இதை மறக்கவே கூடாது. முன்காரை ஒட்டியே வளைவுக்குள் நுழைந்தால் உங்கள் முன்பக்கம் விட்டுப்போகும். சற்றே விலகி, வேறு கோட்டில் நுழைந்து, வெளியேறும்போது நெருங்குங்கள்.

அழுத்தம் டயரை நசுக்குகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2020 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயின் கடைசிச் சுற்றுகளில் பொட்டாஸ், சைன்ஸ், ஹாமில்டன் மூவரின் இடது முன் டயரும் காற்று போனது. ஹாமில்டன் மூன்று டயரில் ஊர்ந்து வந்து ஜெயித்தார். சில்வர்ஸ்டோனின் நீண்ட, வேகமான வலது வளைவுகளில் அந்த ஒரு டயர்தான் மிக அதிகச் சுமையைத் தாங்குகிறது. நீண்ட ஓட்டத்துக்குக் காரின் அமைப்பைச் சரிசெய்யும்போது, எந்த மூலை டயர் அதிகம் சாகிறது என்று முதலில் பாருங்கள்.

படி 9: உங்கள் காரின் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள்

சிமுலேட்டரில் விங் உள்ள ஒரு காரையும், நன்றாகத் தெரிந்த ஒரு தடத்தையும் எடுங்கள். ஒரு ஹேர்பின், ஒரு நடுத்தர வளைவு, ஒரு வேகமான வளைவு என்று மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். காற்றை நிறுத்துங்கள், எரிபொருளை ஒரே அளவில் வையுங்கள்.

முதலில் விங்கை முழுதாக ஏற்றி, டயர் சூடேறிய பிறகு பத்துச் சுற்று ஓட்டி, மூன்று வளைவுகளிலும் உங்கள் குறைந்தபட்ச வேகத்தைக் குறியுங்கள். பிறகு புது டயரில், விங்கை முழுதாக இறக்கி அதையே செய்யுங்கள். ஹேர்பினில் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நடுத்தர வளைவில் தெளிவான வித்தியாசம் வர வேண்டும். வேகமான வளைவில்தான் பெரிய இடைவெளி தெரியும். ஹேர்பினிலேயே பெரிய வித்தியாசம் வந்தால் டயர் சூடு ஒரே அளவில் இல்லை, மறுபடி ஓட்டுங்கள். வேகமான வளைவில் வித்தியாசமே வராவிட்டால், கார் தரக்கூடியதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நுழையும் வேகத்தை ஒரு சுற்றுக்கு 2, 3 கி.மீ. என்று மட்டும் ஏற்றிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். 5-வது படியின் கையிருப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.